பட்டறை கேள்வி–பதில்: டேபிள் ஸாவுக்கு எந்த பிளேடு?

என்னிடம் இருப்பது 10 அங்குல டேபிள் ஸா (மேஜை நடுவே வட்ட பிளேடு சுழலும் அறுவை மெஷின்). 4 அங்குல கனமுள்ள வேப்பஞ் சட்டம் ஒரே ஓட்டத்தில் அறுபடவில்லை. 12 அங்குல பிளேடு போடலாம் என்கிறார் கடைக்காரர். போடலாமா? – ஒரு வாசகர், காரைக்குடி

போடவே கூடாது. பிளேடின் அளவைத் தீர்மானிப்பது மரமல்ல, மெஷின்தான். 12 அங்குல பிளேடு சுற்றிலும் 25 மி.மீ. கூடுதல் இடம் கேட்கும். உள்ளே இருக்கும் மூடியிலோ, அறுத்த வெட்டு மூடிக்கொள்ளாதபடி பின்னால் நிற்கும் ரைவிங் நைஃப் தகட்டிலோ பல் இடிக்கும். இடிக்காமல் உட்கார்ந்துவிட்டாலும் வேகம் சும்மா விடாது. நிமிடத்துக்கு 4,500 சுற்று ஓடும் மெஷினில் 10 அங்குல பிளேடின் விளிம்பு நொடிக்கு சுமார் 60 மீட்டர் போகிறது. 12 அங்குலத்தில் அதுவே 72 மீட்டர். மோட்டாருக்கும் பளு ஏறும்.

10 அங்குல பிளேடு நேராக நிற்கும்போது 75 முதல் 80 மி.மீ. வரைதான் அறுக்கும், 45 டிகிரி சாய்த்தால் சுமார் 55. உங்கள் சட்டம் 100 மி.மீ. பிளேடை 53 மி.மீ. உயர்த்தி ஒரு ஓட்டம் ஓட்டுங்கள். பிறகு முன்முனை பின்முனையாக வரும்படி சட்டத்தைக் குப்புறப் புரட்டி, இன்னொரு ஓட்டம். ஃபென்ஸில் (கட்டையை நேராக ஓட்ட மேஜையில் இருக்கும் பக்கத் தடுப்பு) பட்ட முகமே மறுபடியும் அதில் பட வேண்டும். முகம் மாறினால் இரண்டு வெட்டும் நடுவில் சேராது. ரைவிங் நைஃப் பிளேடின் உச்சியைத் தாண்டி நிற்கும் ரகம் என்றால், பாதி ஆழ வெட்டில் கட்டை அதில் முட்டும். அதற்காகத் தகட்டைக் கழற்றாதீர்கள், கட்டை உங்கள் மேல் எகிறும். மர அறுவை மில்லில் பேண்ட் ஸாவில் கொடுத்துவிடுவது நல்லது.

பிளேடின் ஓட்டை 30 மி.மீ., மெஷின் சாஃப்ட் 25.4 மி.மீ. டேப் சுற்றிப் போட்டால் போதுமா? – ஒரு வாசகர், தேனி

போதாது. 4.6 மி.மீ. ஆட்டம் என்றால் பிளேடு மையத்திலிருந்து 2.3 மி.மீ. வரை விலகி உட்காரலாம். ஒரு பக்கப் பற்கள் மட்டும் அறுக்கும், மெஷின் அதிரும், வெட்டு அலையலையாக வரும். 30-க்கு 25.4 இரும்பு ரிங் கடையில் கிடைக்கிறது. ரிங்கின் கனம் பிளேடுத் தகட்டைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கூடுதலாக இருந்தால் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் வாஷர் ரிங்கைத்தான் பிடிக்கும், பிளேடைப் பிடிக்காது. ஓட்டை சிறியதாக இருந்தால் அராவிப் பெரிதாக்கும் வேலையே வேண்டாம்.

மைக்கா ஒட்டிய 19 மி.மீ. பிளைவுட்டில் ஓரம் சில்லு சில்லாகப் பெயர்கிறது. பிளேடில் என்ன மாற்ற வேண்டும்? – ஒரு வாசகர், திருப்பூர்

உங்கள் பிளேடில் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். 24 பல் பிளேடு தேக்கு, வேம்பு போன்ற மரத்தை நீளவாக்கில் கிழிப்பதற்கானது. மைக்காவுக்கு 10 அங்குலத்தில் 60 முதல் 80 கார்பைடு பல் வேண்டும். டேபிள் ஸாவில் பல் மேலிருந்து கீழே இறங்கி வெட்டுவதால் நல்ல முகம் மேலே இருக்கட்டும். கையில் பிடித்து ஓட்டும் சர்குலர் ஸாவில் இது தலைகீழ். இரு பக்கமும் மைக்கா என்றால், பிளேடுக்கு இருபுறமும் இடைவெளியே இல்லாத தட்டு ஒன்றைச் செய்து, மேஜையில் பிளேடு வெளிவரும் திறப்பில் பொருத்துங்கள்.

புது பிளேடு வாங்கும்போது வெட்டு அகலத்தையும் பாருங்கள். ரைவிங் நைஃப் பிளேடுத் தகட்டைவிடத் தடிப்பாகவும் வெட்டு அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். 2.5 மி.மீ. நைஃப் உள்ள மெஷினில் 2.4 மி.மீ. அகலத்தில் வெட்டும் மெல்லிய பிளேடைப் போட்டால், பலகை பாதி வழியில் தகட்டில் சிக்கி நின்றுவிடும்.