கேளுங்கள், சொல்கிறேன்: கடலடிக் குழாயில் விழுந்த அடி

கேள்வி: என் மகன் திரெங்கானு கடலில், எண்ணெய் மேடையில் கிரேன் ஓட்டுகிறான். போன மாதம் படகிலிருந்து சாமான் ஏற்றும்போது சிலிங் (தூக்கும் கயிறு) அறுந்து ஓர் இரும்புப் பெட்டி கடலில் விழுந்துவிட்டதாம். அடியில் எரிவாயுக் குழாய் போகிறது. "கேஸ் கசியவில்லை, ஒன்றும் ஆகியிருக்காதும்மா" என்கிறான். எனக்குத் தூக்கமே இல்லை. அந்த அடியைக் குழாய் தாங்குமா?
– ஒரு தாய், பகாவ்

பதில்: சகோதரி, நானும் பகாவ் தோட்டத்துப் பிள்ளைதான். திரெங்கானுவில் உள்ள கெர்த்தேயில் 22 வருடம் குழாய் பரிசோதனை வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். பெரும்பாலும் தாங்கும். ஆனால் கசியவில்லை என்றால் அடியே படவில்லை என்று அர்த்தமில்லை.

தண்ணீரில் விழும் பெட்டிக்கு வேகம் ஏறிக்கொண்டே போகாது. தண்ணீரின் தடுப்பால் ஓர் அளவில் வேகம் நிலைத்துவிடும். 5 டன் பெட்டி நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் குழாய்மேல் இறங்கினால் அடியின் ஆற்றல் 60 கிலோஜூலுக்குக் கொஞ்சம் மேல். அதே எடையுள்ள செம்பனை லோரி மணிக்கு 18 கிலோமீட்டரில் வந்து முட்டினால் எவ்வளவோ, அவ்வளவு. பெட்டியோடு சேர்ந்து வரும் தண்ணீரின் எடையையும் நாங்கள் கணக்கில் சேர்ப்போம். தட்டையாக விழுந்தால் அடி பரவிவிடும். மூலை இறங்கினால் ஒரே இடத்தில் குத்தும்.

எஃகு சட்டென்று உடையாது, நசுங்கி நசுங்கியே அடியை விழுங்கும். ஆற்றல் இரண்டு மடங்கானாலும் பள்ளம் சுமார் 1.6 மடங்குதான் ஆழமாகும். விட்டத்தில் 5 சதவீதம் வரை வழவழப்பான பள்ளம் என்றால் பொதுவாகப் பெரிய சேதமாக எடுப்பதில்லை. 20 அங்குலக் குழாயில் அது 1 அங்குலம். அதற்கு மேல் போனால், குழாய்க்குள் சோதனைக்கு அனுப்பும் 'பிக்' மாட்டிக்கொள்ளக்கூடும்.

என்னைப் பயமுறுத்துவது கீறல். ஒருமுறை, வெட்டி மேலே கொண்டுவந்த குழாய்த் துண்டு யார்டில் கிடந்தது. உள்ளங்கை அளவுப் பள்ளம், சோற்றுத் தட்டு மாதிரி வழவழப்பு. விரல் நகத்தால் வருடிக்கொண்டே போனேன், நடுவில் ஓரிடத்தில் நகம் மாட்டியது. தீக்குச்சி நீளம்கூட இல்லாத கீறல். அந்தத் துண்டை மாற்றியதே அதற்காகத்தான். உள்ளே இருக்கும் அழுத்தம் பள்ளத்தை வெளியே தள்ளப் பார்க்கும். கீறலின் அடியில் இரும்பு ஏற்கெனவே இறுகிப்போயிருக்கும், வளையாது, விரிசல் விடும். அழுத்தம் ஏறி இறங்க இறங்க, அடி விழுந்து பல மாதம் கழித்துக்கூட விரிசல் வளரலாம். பற்றவைத்த இடத்தில் பள்ளம் விழுந்தாலும் இதே கவலைதான்.

நங்கூரம் வேறு மாதிரி, அது இழுக்கும். 2007-இல் இங்கிலாந்தின் டீஸ் கரைக்கு அப்பால் ஒரு கப்பலின் நங்கூரம் 36 அங்குல எரிவாயுக் குழாயைச் சுமார் 6 மீட்டர் பக்கவாட்டில் இழுத்துவிட்டது. குழாய் நசுங்கியது, கிழியவில்லை. 2023 அக்டோபரில் பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையே உள்ள பால்டிக்கனெக்டர் குழாய்க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நங்கூரம் இழுத்துக் கிழிந்தது, அடுத்த ஏப்ரலில்தான் மறுபடி எரிவாயு ஓடியது.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி விழுந்த நேரம், இடம், எடை, மூன்றையும் எழுதிக் கொடுத்தானா என்று இன்றைக்கே கேளுங்கள். கொடுத்திருந்தால் நீரடி ரோபோவை இறக்கி, கேமராவில் பார்ப்பார்கள். வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த மேடையில் தூங்கும் அத்தனை பேருக்கும் ஆபத்து, அவனுக்கும்தான்.

கேள்வி: கடலடிக் குழாய்க்குச் சிமெண்டு பூசுவது அடியைத் தாங்கவா?
– ஒரு மாணவர், பகாவ்

பதில்: முதல் காரணம் எடை, தம்பி. உள்ளே எரிவாயு மட்டும் இருக்கும் பெரிய குழாய் மிதக்கப் பார்க்கும். அதை அடியில் உட்கார வைக்கத்தான் 40 மில்லிமீட்டர், சில குழாய்களுக்கு 100 மில்லிமீட்டர் கனத்தில்கூட சிமெண்டு. அப்புறம், அடி விழுந்தால் அது நொறுங்கி ஆற்றலில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ரோபோ கேமராவில் நாங்கள் முதலில் தேடுவதும் அந்தச் சிமெண்டு பெயர்ந்த இடத்தைத்தான்.