ஆட்டிடையன் கண்ணில் இத்தாலி: ‘1860’ படம் பற்றிக் கேள்வி பதில்

இத்தாலி ஒன்றுபட்ட கதையைச் சொல்லும் படங்களைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே படத்தைச் சுற்றியே இருந்தன: அலெஸ்ஸாந்த்ரோ பிளாசெட்டி 1934-ல் இயக்கிய ‘1860’. எனக்கும் அதைப் பற்றிப் பேசத்தான் ஆசை.

கவிதா: சார், இத்தாலிய வரலாறு எனக்குச் சுத்தமாகத் தெரியாது. அப்படியே பார்த்தால் புரியுமா?

கொஞ்சம் தெரிந்துகொண்டு பார்த்தால் நல்லது. 1860-ல் ‘இத்தாலி’ என்று ஒரு நாடு கிடையாது. வடமேற்கில் பீட்மான்ட் அரசு. அதன் மன்னர் விக்டர் இம்மானுவேல், பிரதமர் கவூர். வெனிஸ் பகுதி ஆஸ்திரியாவிடம். நடுவில் போப்பின் ஆட்சி. தெற்கே நேப்பிள்ஸும் சிசிலியும் சேர்ந்த பூர்போன் வம்சத்து அரசு. அங்கே இளம் மன்னர் இரண்டாம் பிரான்சிஸ்.

அந்த ஏப்ரல் 4-ம் தேதி சிசிலியின் தலைநகர் பலெர்மோவில் ஒரு கிளர்ச்சி வெடித்தது. அரசு அதை நசுக்கிப் பிடிபட்டவர்களில் 13 பேரைச் சுட்டுக் கொன்றது. ஆனால் நகரத்தில் அணைந்த நெருப்பு கிராமங்களில் புகைந்துகொண்டே இருந்தது. அந்தச் செய்தியைக் கேட்டுத்தான், இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய தளபதி கரிபால்டி, ஆயிரத்துச் சொச்சம் தொண்டர்களுடன் மே 5 இரவு ஜெனோவாவுக்குப் பக்கத்தில் உள்ள குவார்த்தோவிலிருந்து இரண்டு நீராவிக் கப்பல்களில் கிளம்பினார். மே 11-ல் சிசிலியின் மேற்குக் கரையில் மார்சாலாவில் இறங்கினார். மே 15-ல் கலட்டாஃபிமி சண்டை. படம் இதோடு முடிகிறது. நிஜத்தில் அதற்குப் பிறகும் பலெர்மோ, நேப்பிள்ஸ், வோல்தூர்னோ ஆற்றுச் சண்டை என்று போய், 1861 மார்ச் 17-ல் இத்தாலி அரசு பிரகடனம் ஆனது.

முருகானந்தம்: கரிபால்டி படம் என்று நம்பி உட்கார்ந்தேன். மனிதரைக் கண்ணிலேயே காட்டவில்லையே! இது என்ன நியாயம்?

அதுதான் ஐயா இந்தப் படத்தின் அழகே. கதையின் நாயகன் கார்மெலித்து என்ற ஆட்டிடையன். புதிதாகக் கல்யாணம் ஆனவன். ஊர்ப் பாதிரியார் அவனிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறார்: கடல் தாண்டி ஜெனோவாவுக்குப் போய், ‘இங்கே நாங்கள் செத்துக்கொண்டிருக்கிறோம், சீக்கிரம் வாருங்கள்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கதை. படகில் போகிறான், ரயிலில் போகிறான், பெரிய மனிதர்கள் பேசுவதைக் கேட்டு முழிக்கிறான், ஜெனோவாவில் காத்துக் கிடக்கிறான், கடைசியில் தொண்டர்களோடு கப்பலேறி ஊருக்கே திரும்பிச் சண்டை போடுகிறான்.

கரிபால்டியைச் சில நொடிகள், பெரும்பாலும் தூரத்தில்தான் பார்க்கிறோம். ஆனால் எல்லோர் வாயிலும் அவர் பெயர்தான். வருவாரா, மாட்டாரா, என்ன சொன்னார் என்றே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சாதாரண ஆளுக்குத் தலைவர் என்பவர் நிஜத்தில் அப்படித்தானே தெரிவார்? குளோசப்பில் கரிபால்டியைக் காட்டி வசனம் பேசவைத்திருந்தால் இந்தப் படம் எப்போதோ மறந்துபோயிருக்கும். தலைவர்தான் வேண்டும் என்றால் ரொஸ்ஸெல்லினியின் ‘விவா லித்தாலியா’ (1961) பாருங்கள். இத்தாலி ஒன்றான நூற்றாண்டு விழாவை ஒட்டி வந்தது. அதில் கரிபால்டி படம் முழுக்க இருக்கிறார், மூட்டுவலி வரைக்கும்.

ஃபாத்திமா: ரயில் பெட்டிக்குள் எல்லோரும் எதற்காக அப்படிச் சண்டை போடுகிறார்கள்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கார்மெலித்துவுக்கும் விளங்கவில்லை, கவலைப்படாதீர்கள். காட்சியே அதற்காகத்தான். இத்தாலி ஒன்றாக வேண்டும் என்று சொன்னவர்களுக்குள்ளேயே எப்படி ஒன்றாவது என்பதில் ஒற்றுமை கிடையாது. போப்பின் தலைமையில் கூட்டாட்சி வேண்டும் என்று ஒரு கட்சி. ஜோபெர்த்தி என்ற பாதிரியார் கிளப்பிய யோசனை அது. மன்னர் விக்டர் இம்மானுவேலின் கீழ்தான் என்று ஒரு கட்சி. மன்னரே வேண்டாம், குடியரசுதான் என்று மாஜினியின் ஆட்கள். அவரவர் ஊர் அவரவருக்கு என்பவர்களும் உண்டு.

மாஜினி என்றதும் உங்களில் பலருக்குப் பாரதியார் நினைவு வரும். மாஜினி 1831-ல் தொடங்கிய ‘இளைய இத்தாலி’ சங்கத்தில் சேருகிறவர்கள் எடுத்துக்கொண்ட சபதத்தைத்தான் அவர் தமிழில் பாட்டாக்கினார். ஆனால் பாரதி போற்றிய அந்த மாஜினி, இத்தாலி முடியாட்சியாக ஒன்றானபோது தோற்றுப்போன மாதிரிதான். கரிபால்டியும் இளமையில் மாஜினியின் சீடர். 1860-ல் மன்னரின் பெயரால் சண்டை போட்டார். அந்தக் கசப்பு முழுவதும் ரயில் பெட்டியில் நாலைந்து நிமிட அரட்டையாக வந்து போகிறது.

ஜெயபாலன்: முசோலினி காலத்துப் படம்தானே? பிரசாரப் படத்தை ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

நேர்மையான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். ஆமாம், பிளாசெட்டி அப்போது பாசிசத்தை நம்பியவர். இதற்கு அடுத்து அவர் எடுத்த ‘வெக்கியா குவார்தியா’ வெளிப்படையாகவே முசோலினியின் கருஞ்சட்டைப் படையைக் கொண்டாடுகிறது. ‘1860’-க்கும் முதலில் ஒரு பின்குறிப்புக் காட்சி இருந்தது: ரோமில் முசோலினி பெயரில் கட்டிய விளையாட்டு வளாகத்தில், கரிபால்டித் தொண்டர்களின் பழைய சிவப்புச் சட்டை அணிந்த முதியவர்களும் கருஞ்சட்டை இளைஞர்களும் எதிர்ப்படுகிறார்கள். கரிபால்டி தொடங்கியதை நாங்கள் முடித்தோம் என்று சொல்லாமல் சொல்வது. போருக்குப் பிறகு அந்தக் காட்சியை வெட்டிவிட்டு, 1951-ல் வேறு தலைப்பில் படத்தை மறுபடி வெளியிட்டார்கள்.

வெட்டியது எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காட்சியோடு பார்த்தால்தான் படம் யார் கையில் இருந்தது என்று தெரியும். ஆனால் அதையும் சேர்த்துப் பார்த்த பிறகும், மீதிப் படம் அந்த முடிவுக்கு அடங்குவதாக எனக்குத் தோன்றவில்லை. முரசு கொட்டும் படமாக இருந்தால் நாயகன் எல்லாம் தெரிந்த வீரனாக இருப்பான். இங்கே அவன் பாதி நேரம் குழம்பி நிற்கிறான்.

இன்னொன்று. கரிபால்டியைச் சொந்தம் கொண்டாடாத கட்சியே இத்தாலியில் இல்லை. 1882-ல் இறந்தவருக்கு 1932-ல் ஐம்பதாவது நினைவு ஆண்டை முசோலினி அரசு தடபுடலாக நடத்தியது. நாலே வருடத்தில் ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் போன பாசிச எதிர்ப்பாளர்களும் தங்கள் படைக்கு ‘கரிபால்டி’ என்றே பெயர் வைத்தார்கள். 1943-க்குப் பிறகு ஜெர்மன் படைகளை எதிர்த்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களும் கரிபால்டி பிரிகேடுகள்தான். 1948 தேர்தலில் இடதுசாரிக் கூட்டணியின் சின்னமே அவருடைய தாடி முகம். பிளாசெட்டி மட்டும் அவரைக் கடன் வாங்கவில்லை.

ரேவதி: நியோரியலிசத்துக்கு இதுதான் முன்னோடி என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை. தொழில்முறை அல்லாத நடிகர்களை வைத்து, நிஜ இடங்களில், சாதாரண மக்களின் கதையை எடுத்த போருக்குப் பிந்தைய இத்தாலியப் படப் பாணிதான் நியோரியலிசம். கார்மெலித்துவாக வரும் ஜுசெப்பே குலினோவும், மனைவி ஜெசுஸ்ஸாவாக வரும் ஐதா பெல்லியாவும் தொழில்முறை நடிகர்கள் அல்ல. படப்பிடிப்பில் பெரும்பகுதி வெயிலில், பாறையில், புழுதியில். சிசிலிக்காரர் சிசிலி வழக்கில் பேசுகிறார்; வடக்கத்தியார் அவரவர் வழக்கில்; பூர்போன் அரசின் கூலிப்படை ஜெர்மனில் உறுமுகிறது; வழியில் பிரெஞ்சும் உண்டு. வட்டார வழக்குகளை ஒடுக்கிச் சுத்தமான இத்தாலியனை ஊட்டிக்கொண்டிருந்த ஆட்சியில் இது சாதாரண விஷயம் இல்லை. ஒரே நாடு என்று பாடும் படத்தில், அந்த நாட்டுக்காரர்கள் ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாமல் தவிக்கிறார்கள்!

பதினோரு வருடம் கழித்து ரொஸ்ஸெல்லினி ‘ரோம், திறந்த நகரம்’ எடுத்தபோது இதெல்லாம் புதிது போலப் பேசப்பட்டது. ஆனால் பிளாசெட்டியின் கண் வேறு வகை. ரஷ்ய மௌனப் படங்களின் தாக்கம் அவரிடம் தெளிவாகத் தெரிகிறது: வானத்தின் எதிரே நிற்கும் முகங்கள், சரசரவென்று மாறும் வெட்டுகள். சில சட்டகங்கள் ஜொவான்னி ஃபத்தோரி வரைந்த போர்க்கள ஓவியங்களை நினைவூட்டும். நியோரியலிசம் இவ்வளவு அலங்காரம் பண்ணிக்கொள்ளாது.

அந்தோணி: கலட்டாஃபிமி சண்டை நிஜமாகவே அப்படித்தான் நடந்ததா?

சண்டையின் மூச்சு நிஜம். எதிரி மேட்டில், இவர்கள் பள்ளத்தில். அந்தக் குன்று படிப்படியாக மேடை கட்டிய சரிவு. ஒவ்வொரு படியின் சுவருக்கு அடியிலும் ஒண்டி மூச்சு வாங்கி, அடுத்த படிக்கு ஏறினார்கள். கையில் இருந்தது பழைய துருப்பிடித்த துப்பாக்கிகள். தொண்டர்களுக்காக வாங்கி மிலானில் வைத்திருந்த நல்ல துப்பாக்கிகளை அந்த நகர ஆளுநர் கொடுக்க மறுத்துவிட்டார். அதனால் பெரும்பாலும் துப்பாக்கி முனையில் செருகிய ஈட்டிதான் வேலை செய்தது. கடைசிப் படிக்குக் கீழே இருந்தபோது மேலிருந்து கல் விழ ஆரம்பித்தது, ஒன்று கரிபால்டியின் முதுகிலேயே பட்டது. எதிரியிடம் தோட்டா தீர்ந்துவிட்டது என்று அவர் கணக்குப் போட்டு, உடனே பாயச் சொன்னார் என்பார்கள். பூர்போன் தளபதி லாந்தி, பெரும்பகுதிப் படையை ஊருக்குள்ளேயே நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு பின்வாங்கிப் போய்விட்டார்.

எதிரியைக் காட்டும் விதத்தில்தான் படம் நழுவுகிறது. அடக்குமுறை செய்கிறவர்கள் எல்லாம் ஜெர்மன் பேசும் அந்நியர். பூர்போன் படையில் வெளிநாட்டார் இருந்தார்கள், சரி. ஆனால் அந்தக் குன்றில் எதிர்த்து நின்றவர்கள் நேப்பிள்ஸ் அரசின் சொந்தச் சிப்பாய்கள், அதாவது இத்தாலியர்கள். இத்தாலியன் இத்தாலியனைச் சுட்டான் என்று காட்ட 1934-ல் மனசு வரவில்லை.

இளங்கோ: ஆயிரம் பேரும் கார்மெலித்து மாதிரிக் குடியானவர்களா?

இல்லை. பெரும்பாலும் வடக்கத்தியப் படித்த இளைஞர்கள்: வக்கீல்கள், டாக்டர்கள், மாணவர்கள். கைவினைஞர்களும் உண்டு. பெர்காமோ என்ற ஒரே ஊரிலிருந்து பெரிய கூட்டம் வந்தது. ஒரே ஒரு பெண், ரொசாலி மோன்மாசோன். படை தரையிறங்கிய பிறகுதான் சிசிலி விவசாயிகள் சேர்ந்தார்கள்.

ஷாலினி: வெற்றியோடு படம் முடிகிறது. கார்மெலித்துவுக்கு அப்புறம் என்ன ஆனது? நிலம் கிடைத்ததா?

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் காயம்பட்டவர்கள் நடுவே மனைவி அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். இத்தாலியை உண்டாக்கிவிட்டோம் என்று அவன் பூரிக்கிறான். படம் சரியாக அங்கே நிறுத்திக்கொள்கிறது. இன்னும் மூன்று மாதம் ஓட்டியிருந்தால் சிக்கல்.

ஜூன் 2-ம் தேதி கரிபால்டியின் அரசு ஓர் ஆணை போட்டது: போராடியவர்களுக்குப் பொது நிலத்தில் பங்கு உண்டு என்று. எட்னா எரிமலை அடிவாரத்தில் ப்ரோந்தே என்ற ஊர். அங்கே பெரிய நிலமெல்லாம் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் வாரிசுகளுக்கு. நிலம் வரும் வரும் என்று காத்திருந்து பொறுமை இழந்த மக்கள், ஆகஸ்ட் தொடக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள் மேல் பாய்ந்தார்கள். 16 பேர் கொல்லப்பட்டார்கள், கொடூரமாகவே. கரிபால்டியின் வலக்கை நீனோ பிக்ஸியோ படையோடு வந்து, அவசர விசாரணை நடத்தி ஐந்து பேரைச் சுடவைத்தார். அதில் ஒருவர் லொம்பார்தோ என்ற வக்கீல். கொலைகளை அவர் தூண்டவில்லை என்றே பலரும் சொல்கிறார்கள். ஃப்ளொரெஸ்தானோ வான்சினி 1972-ல் ‘ப்ரோந்தே’ என்று இதைப் படமாக எடுத்தார். ‘1860’ பார்த்த அதே வாரத்தில் அதையும் பார்த்துவிடுங்கள். கார்மெலித்து ப்ரோந்தேயில் பிறந்திருந்தால் துப்பாக்கியின் எந்தப் பக்கம் நின்றிருப்பான் என்று யோசிக்காமல் இருக்க முடியாது.

சுப்ரமணியன்: விஸ்கோந்தியின் ‘சிறுத்தை’யோடு ஒப்பிட்டால் எது பெரிய படம்?

‘இல் கத்தோபார்தோ’ (1963) தான், சந்தேகமே இல்லை. அதே 1860, அதே சிசிலி, ஆனால் மாளிகைக்குள்ளிருந்து. பர்ட் லங்காஸ்டர் பிரபுவாக வருகிறார். அதில் எனக்குப் பிடித்தது பிரபலமான நடன விருந்துகூட இல்லை, புதிய இத்தாலியோடு சேரலாமா என்று நடக்கும் பொது வாக்கெடுப்பு. வேட்டைக்காரர் ‘வேண்டாம்’ என்று வாக்குப் போட்டிருப்பார், ஊர் முடிவோ ஒருமனதாக ‘வேண்டும்’. புதிய நாட்டின் முதல் நாளிலேயே முதல் திருட்டு. ஆனால் அந்தப் படத்தில் ஆட்டிடையர்கள் ஓரமாகத்தான் போகிறார்கள். பிளாசெட்டியிடம் அவர்களுக்குத்தான் நடு இடம்.

நிர்மலா: அலுவலக நாட்களில் ராத்திரிதான் நேரம். எத்தனை மணி நேரப் படம்? எதில் தொடங்கலாம்?

‘1860’ ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, கறுப்பு வெள்ளை. வேலை நாளிலேயே பார்த்துவிடலாம். ‘சிறுத்தை’ மூன்று மணி நேரம், ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். வெனிஸும் 1866 போரும் வேண்டும் என்றால் அதே விஸ்கோந்தியின் ‘சென்ஸோ’ (1954), காதல் துரோகக் கதை. ‘1860’-க்கு சப்டைட்டில் இருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இத்தாலியன் படித்தவர்களுக்கே அந்தச் சிசிலி வழக்கு பிடிபடாது.