மண்டபத்துப் பாட்டு ஸ்டூடியோவுக்குப் போகும்போது

கேள்வி: தோட்ட வாழ்க்கையை வைத்து எங்கள் குழு போட்ட இசை நாடகத்தின் 14 பாடல்களையும் ஆல்பமாக்கப் போகிறோம். மொத்தம் 52 நிமிடம். பாடுவோர் ஒன்பது பேர். ஆர்மோனியம், மிருதங்கம், கீபோர்டு. பட்டணத்துக் கடைவீட்டு மாடியில் ஒரு ஸ்டூடியோவை எட்டு மணி நேரத்துக்கு எடுத்திருக்கிறோம். போதுமா?
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: போதாது. அமெரிக்க இசைக்கலைஞர் சங்க ஒப்பந்தத்தில் மூன்று மணி நேர அமர்வுக்கு அதிகபட்சம் 15 நிமிட இசைதான் கணக்கு; அதுவும் தாளைப் பார்த்ததும் வாசிக்கிறவர்களுக்கு. உங்கள் எட்டு மணியில் மைக் வைத்துச் சோதிக்கவே ஒன்றரை மணி போய்விடும். முப்பது நிமிடப் பாட்டு தேறினால் பெரிது. இன்னொரு நாளுக்குப் பணம் இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் வெட்டுங்கள்: காட்சி மாறும்போது ஓடும் இசை, ஆட்டத்துக்காக நீட்டியது, கைதட்டலுக்காகத் திரும்பப் பாடிய பல்லவி. அந்தக் கால நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா மேடையில் விரித்துப் பாடியதையும் மூன்று சொச்சம் நிமிடம் ஓடும் இசைத்தட்டுப் பக்கத்துக்குள் அடக்கித்தான் பதிந்தார்கள்.

ஒன்பது பேரும் சேரும் பாட்டைக் காலையிலேயே எடுத்து, வேலை முடிந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவார்கள், கதவைத் திறப்பார்கள். உச்சத்தில் பாடும் பாட்டை 11 மணி வாக்கில் வையுங்கள், கடைசியில் வேண்டாம். 1970இல் நியூயார்க்கில் ‘கம்பெனி’ இசை நாடகப் பதிவு நள்ளிரவு தாண்டி நீண்டு, அதில் பாடிய நடிகை எலைன் ஸ்ட்ரிச்சுக்குக் குரல் எழும்பவில்லை. வாத்தியத்தை மட்டும் பதிந்து வைத்துக்கொண்டு, அவரை வேறொரு நாள் வரவழைத்துப் பாட வைத்தார்கள். அந்த வழி உங்களுக்கும் உண்டு.

மாடிக்கு மேலே தகரக் கூரையா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். பிற்பகல் மழை இறங்கினால் விருத்தமும் வசனமும் போச்சு. கீபோர்டு ஒயரில் நேராக வருவது, மழை அதற்கு ஒட்டாது. அதைப் பிற்பகலுக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: ஒத்திகைப் பதிவில் மிருதங்கம் பாதியிலேயே சுருதி விலகியது. வாசித்தவர் மேல் தப்பா?

பதில்: ஏர்கான் மேல். வெளியே ஈரக் காற்றில் தளர்ந்திருந்த தோல் குளிரறையில் காய்ந்து இறுகும், சுருதி ஏறும். ஒரு மணி நேரம் முன்பே உறையிலிருந்து எடுத்து உள்ளே வைத்து, பிறகு கல்லால் தட்டிச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், அப்பிய ரவையும் சீக்கிரம் காய்ந்து, கும்கி என்கிற அடிநாதம் செத்துவிடும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும். ஆர்மோனியத்தின் ரீடை அன்றைக்கு மாற்ற முடியாது. ஆகவே கீபோர்டைத்தான் அதற்கு இறக்கவோ ஏற்றவோ வேண்டும்.

கேள்வி: மண்டபத்தில் கணீரென்று இருந்த குரல், பதிவில் கத்துவது போல் கேட்கிறது.

பதில்: கடைசி வரிசைக்குப் பாடிய பழக்கம். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நடுவே பாப் ஃபில்டர் (மூச்சுக்காற்றை அடக்கும் வலை). பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போல் பாடச் சொல்லுங்கள். உச்சம் வரும்போது அரை அடி பின்வாங்கலாம். ஹெட்போனில் தாளச் சத்தம் அதிகமானால் மைக்கில் கசியும். வளையல், கொலுசு, பட்டுச் சேலை எல்லாம் வீட்டில். பாட்டுத் தாளைப் புரட்டாமல் பக்கம் பக்கமாகப் பரப்பி வையுங்கள்.

இன்னொன்று: கண் பார்த்ததைக் காது பார்க்காது. பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) மண்டோர் (மேற்பார்வையாளர்) ஒரு பெண்ணின் பெயரை அடித்துவிட, அவள் ஒன்றும் பேசாமல் ரப்பர் பால் வாளியைக் கீழே வைக்கிறாள் என்றால் மண்டபத்துக்கே புரியும். பதிவில் அது வெறும் மௌனம். நிஜ வாளியை சிமெண்டுத் தரையில் வைத்து அந்தச் சத்தத்தைத் தனியாகப் பதியுங்கள். முன்னால் “நாளையிலிருந்து வராதே” என்று ஒரு வரி வசனம் போதும். யாரும் பேசாத அறையின் சத்தத்தையும் முப்பது விநாடி எடுத்து வையுங்கள், வசனங்களை ஒட்டும்போது உதவும்.

கேள்வி: இரண்டு பாட்டு பழைய சினிமா மெட்டு. வரிகள் எங்களுடையவை. பரவாயில்லைதானே?

பதில்: இல்லை. மெட்டும் மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வருவதுதான். உரிமையாளரின் அனுமதி எழுத்தில் வரும்வரை இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வெட்ட வேண்டிய நிமிடங்களில் கொஞ்சம் அங்கேயே குறையும்.