திரைக்குத் திரை தூக்கிச் செல்ல வேண்டாம்

அன்புள்ள அண்ணா,

பாம்பனில் எங்கள் மாமா நாட்டுப்படகுக்காரர்களிடம் நண்டும் கணவாயும் வாங்கி வியாபாரம் செய்கிறார். அவருக்காக ஆண்ட்ராய்டில், கோட்லின் மொழியில், ஓர் ஆப் எழுதியிருக்கிறேன். முதல் திரையில் படகைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டாவதில் கூடை கூடையாக எடை போட வேண்டும், மூன்றாவதில் பில். எல்லாத் திரைக்கும் பொதுவாக ஒரு குளோபல் ஆப்ஜெக்டில் (ஆப் ஓடும்வரை மெமரியில் இருக்கும் பொதுப் பெட்டி) தகவலை வைத்திருக்கிறேன். மாமா நடுவில் கேமராவைத் திறந்து சரக்கைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் சில நேரம் பில் காலியாக இருக்கிறது. என் போனில் ஒருமுறைகூட அப்படி ஆகவில்லை. எல்லாவற்றையும் இன்டென்டில், அதாவது அடுத்த திரையைத் திறக்க அனுப்பும் செய்தியில், வைத்தே அடுத்த திரைக்கு அனுப்பிவிடலாமா?

அன்புள்ள தம்பி,

வேண்டாம். முதலில் பில் ஏன் காலியாகிறது என்று பாருங்கள். உங்கள் ஆப் பின்னால் போன பிறகு மெமரி போதாவிட்டால் ஆண்ட்ராய்டு அதன் புராசஸையே, அதாவது மெமரியில் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பையே, நிறுத்திவிடும். கேமரா நிறைய மெமரி கேட்கும். மாமா திரும்பி வந்ததும் கடைசியாக இருந்த திரையைத்தான் ஆண்ட்ராய்டு புதிதாக எழுப்புகிறது. முதல் இரண்டு திரைகளும் ஓடாமலே பில் திரை திறக்கிறது, குளோபல் ஆப்ஜெக்டும் புதிதாகப் பிறந்து வெறுமனே நிற்கிறது. உங்கள் போனில் ராம் தாராளமாக இருக்கும், அதனால்தான் தப்பித்தது.

இன்டென்ட் என்றால் வேறு தொல்லை. அது போகும் வழியின் கொள்ளளவு சுமார் 1 எம்பி, அதையும் அந்த நேரத்தில் நடக்கும் மற்றப் பரிமாற்றங்களோடு பங்குபோட வேண்டும். கூடைப் படத்தை அப்படியே வைத்து அனுப்பினால் ஆப் விழுந்துவிடும். படத்தை ஃபைலாகச் சேமித்து, அது இருக்கும் இடத்தை மட்டும் குறித்து வையுங்கள். அதோடு, போவது நகல். பில் திரையில் எடையைத் திருத்தினால் எடைத் திரையில் பழைய எண்ணே நிற்கும்.

ஆகவே தகவல் எந்தத் திரைக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது. போனிலேயே தகவலைச் சேமிக்கும் ரூம் டேட்டாபேஸில் ஒரே இடத்தில் வையுங்கள், திரைக்குத் திரை விற்பனையின் ஐடி மட்டும் போகட்டும். பில் திரை அந்த ஐடியை வைத்து ஃப்ளோ (மாற்றம் வந்தால் உடனே தெரிவிக்கும் வசதி) மூலம் டேபிளைப் பார்த்துக்கொண்டிருக்கும், எங்கே திருத்தினாலும் எல்லாத் திரையிலும் மாறும். படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதிவு எண்ணையே அதன் ஐடியாக வைக்காதீர்கள். அவசரத்தில் தப்பாக அடித்துவிட்டுப் பிறகு திருத்துவார்கள். டேட்டாபேஸ் தானாகக் கொடுக்கும் எண் போதும்.

விலையை மட்டும் நகலெடுத்தே வையுங்கள். இன்றைய விலை நாளை இருக்காது. விற்பனை வரிசையிலேயே அன்றைய கிலோ விலையை எழுதாவிட்டால், விலைப் பட்டியலை மாற்றிய மறுநிமிடம் போன வாரத்துப் பில் எல்லாம் மாறிவிடும்.

திரையின் தகவலை மெமரியில் வைத்திருக்கும் வியூமாடல், திரையைச் சுழற்றினால் தாங்கும், புராசஸ் போனால் அதுவும் போய்விடும். பாதி அடித்த எண்ணுக்கு புராசஸ் போனாலும் சிறு தகவலைக் காக்கும் சேவ்டு ஸ்டேட் ஹேண்டில் போதும். ஆனால் ஒரு கூடையின் எடையை அடித்து முடித்ததும் அந்த வரிசை டேபிளுக்குப் போய்விட வேண்டும், பில் போடும்வரை காத்திருக்கக் கூடாது. இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். சரக்கு ஐஸ் பெட்டிக்குள் போன பிறகு யாரும் மறுபடி எடை போட முடியாது. டீசல் செலவு கழித்துப் படகில் போனவர்கள் பங்கு பிரிப்பது அந்த எண்ணை நம்பித்தான்.

சோதிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஆக்டிவிட்டிகளை (அதாவது திரைகளை) வைத்திருக்காதே என்று ஒரு வசதி உண்டு. பலர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். அது திரையைத்தான் அழிக்கும், புராசஸ் அப்படியே இருக்கும், உங்கள் குளோபல் ஆப்ஜெக்டும் பிழைத்துக்கொள்ளும். ஹோம் பட்டனை அழுத்தி ஆப்பைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி ஷெல்லில் ஏஎம் கில் (am kill) கட்டளையோடு உங்கள் பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள். அப்புறம் சமீபத்திய ஆப் பட்டியலிலிருந்து திறங்கள். அப்போது மாமாவின் போனில் நடப்பது உங்கள் போனிலும் நடக்கும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். எடைத் திரையை முதலில் டேட்டாபேஸுக்கு மாற்றுங்கள், அடுத்து பில். படகைத் தேர்ந்தெடுக்கும் திரை ஓர் ஐடியைத்தான் திருப்பித் தரப்போகிறது, அது கடைசியில் வரலாம்.