புதுக் கியூ வேண்டாம், டிப்பை மாற்றுங்கள்

இந்த வாரம் வந்த கடிதங்களில் ஆறு, ஸ்னூக்கர், பூல் ஆட்டங்களில் பந்தை அடிக்கும் குச்சியான கியூ பற்றியவை. சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜொகானஸ்பர்க் வரை கேட்கிறார்கள். எல்லாக் கேள்விக்கும் அடியில் இருப்பது கியூ நுனியில் ஒட்டியிருக்கும், டிப் என்னும் அந்தச் சிறிய தோல் வில்லைதான். அதனால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, மூன்று வாரம் முன்பு என் மகனுக்கு ஒரு ஸ்னூக்கர் கியூ வாங்கிக் கொடுத்தேன். பத்துத் தடவைகூட ஆடியிருக்க மாட்டான், டிப் கழன்று விழுந்துவிட்டது. கடைக்காரர், "டிப் தேய்கிற பொருள், அதற்கு உத்தரவாதம் கிடையாது, ரசீதிலேயே போட்டிருக்கிறது" என்கிறார். வேறு கியூ வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். பணம் போனது போனதுதானா? (சாட்ஸ்வொர்த் வாசகி)

பதில்: போகவில்லை அக்கா. தேய்வது வேறு, கழன்று விழுவது வேறு. தேய்மானம் என்றால் தோல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, மாதக்கணக்கில் ஆடிய பிறகு மெலிந்து போவது. மூன்று வாரத்தில் டிப் முழுசாகக் கையில் வந்தால், முதலில் ஒட்டியது சரியில்லை என்றே பெரும்பாலும் அர்த்தம். விழுந்த டிப்பைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வழவழப்பாக, பசை திட்டுத்திட்டாகக் காய்ந்து இருக்கிறதா? அப்படியானால் ஒட்டும் முன்பு பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யவில்லை. தோலின் ஒரு பகுதி கியூவிலேயே ஒட்டிக்கொண்டு மீதி பிய்ந்து வந்திருந்தால், தோலே தரமில்லாதது. இரண்டுக்கும் உங்கள் மகன் பொறுப்பில்லை.

நம் தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008ஆம் ஆண்டின் 68ஆவது சட்டம், இதில் தெளிவாக இருக்கிறது. 55ஆவது பிரிவுப்படி விற்கிற பொருள் நல்ல தரமாகவும், வழக்கமான உபயோகத்தில் நியாயமான காலம் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் 56ஆவது பிரிவுப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது, கடைக்காரருடையது அல்ல. ரசீதில் எந்த வாசகம் அச்சிட்டிருந்தாலும் இந்த உரிமை போகாது. பழுது பார்த்துக் கொடுத்த பிறகு மூன்று மாதத்துக்குள் மறுபடி அதே கோளாறு வந்தால், மாற்றித் தர வேண்டும் அல்லது பணம் தர வேண்டும்.

ஆனால் என் யோசனை, முதலில் நல்ல டிப் ஒன்றை ஒட்டித் தரச் சொல்லுங்கள். கியூ நேராக இருக்கிறது, உங்கள் மகன் கைக்கும் பழகிவிட்டது என்றால் அதை விட்டுவிட வேண்டாம். பையனுக்கு ஒரு கியூவின் கனமும் பிடியும் பழகுவதற்கே சில மாதம் ஆகும். கோரிக்கையை வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் அனுப்புங்கள். விழுந்த டிப்பை ஓர் உறையில் போட்டு ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். கடை அசையவில்லை என்றால் நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகளுக்கான ஒம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகத்தில் புகார் செய்யலாம். அதற்கு உங்களிடம் கட்டணம் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் கிளப்பில் ஒருவர் பெட்டியோடு எல்க் மாஸ்டர் டிப் வைத்திருக்கிறார். இன்னொருவர், "காமூய் போடு, பத்து மடங்கு விலை, ஆனால் கவலை இல்லை" என்கிறார். வாரம் இரண்டு நாள் ஸ்னூக்கர் ஆடும் எனக்கு எது சரி? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

பதில்: தம்பி, டிப் அடிப்படையில் இரண்டு வகை. எல்க் மாஸ்டர், புளூ டயமண்ட் போன்றவை ஒரே தோலை அழுத்திச் செய்தவை. காமூய் போன்றவை மெல்லிய தோல் ஏடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியவை. காமூய் ஜப்பானில் பன்றித் தோலில் செய்வது. நம்மில் சிலர் வீட்டில் இதற்குச் சங்கடப்படுவார்கள், வாங்கும் முன் தெரிந்திருப்பது நல்லது.

ஏடு ஒட்டிய டிப் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும், அவ்வளவு சீக்கிரம் நசுங்கிப் பரவாது. ஒற்றைத் தோல் டிப்பில் அந்த ஒழுங்கு கிடையாது. ஒரே பெட்டியில் ஒன்று பஞ்சு போல, ஒன்று மரக்கட்டை போல இருக்கும். குறை சொல்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இதற்கு வழி இருக்கிறது. ஐந்தாறு டிப் வாங்கிச் சமையலறை மேடையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். 'டிக்' என்று கூர்மையாக ஒலித்தால் இறுக்கம். 'தொப்' என்று மந்தமாக விழுந்தால் இளக்கம். நடுத்தர ஒலி தருவதை எடுத்துக்கொள்ளுங்கள். கால் பன்னி சௌ (ரொட்டிக்குள் கறி வைத்த நம் டர்பன் உணவு) வாங்கும் காசில் இரண்டு மூன்று டிப் வந்துவிடும், ஆகவே கழிப்பதில் நஷ்டம் இல்லை.

இளக்கமான டிப், வழுக்காமலிருக்க நுனியில் பூசும் சாக்கை நன்றாகப் பிடிக்கும், வெள்ளைப் பந்தில் சைடு (பக்கச் சுழற்சி) போட நம்பிக்கை தரும். ஆனால் சீக்கிரம் நசுங்கும். இறுக்கமானது நாள்பட உழைக்கும், ஆனால் பளபளத்துப் போனால் வழுக்கும். டிப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது வினாடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அந்த நொடியில் தோல் வழுக்காமல் பிடிக்க வேண்டும், டிப்பின் வேலை அவ்வளவே. தோல் டிப்பை உருவாக்கியவர் என்று பிரான்ஸ்காரர் மெங்கோவைச் சொல்வார்கள், 1800களின் தொடக்கத்தில். அதுவரை வெறும் மரமுனைதான். நடுவை விட்டு சற்றே தள்ளி அடித்தாலும் வழுக்கிவிடும். இந்த ஆட்டத்தின் அழகெல்லாம் அந்தத் தோல் வில்லை வந்த பிறகு பிறந்தது என்று நான் நம்புகிறேன்.

வாரம் இரண்டு நாள் என்றால் உங்களுக்கு ஒற்றைத் தோலே போதும். மிச்சப் பணத்தில் நல்ல சாக் வாங்குங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்றவன், வீட்டிலேயே டிப் மாற்றப் பழக ஆசை. ஒரு தடவை கடையில் கொடுத்தேன், திரும்பி வந்தபோது கியூ நுனியே மெலிந்திருந்தது. எந்தக் கருவி வாங்க வேண்டும்? (மெரிபேங்க் வாசகர்)

பதில்: ஐயா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, எனக்கும் இதே நடந்தது. இருபது வயதில் என் முதல் நல்ல கியூவை ஓரிடத்தில் கொடுத்தேன். புது டிப்பின் விளிம்பைச் சமப்படுத்துகிறேன் என்று நுனியிலுள்ள பித்தளைப் பூணையும் மரத்தையும் சேர்த்து உப்புத்தாளால் தேய்த்துவிட்டார்கள். தேய்த்த மரம் திரும்ப வராது. வேலை தரமாக இல்லாவிட்டால் குறையைச் சரிசெய்யவோ, கட்டணத்தில் நியாயமான பங்கைத் திருப்பவோ கேட்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. பொருத்திய புதுப் பாகத்துக்கும் கூலி வேலைக்கும் 57ஆவது பிரிவில் மூன்று மாத உத்தரவாதமும் உண்டு. அடுத்த முறை யாரிடமாவது கொடுத்தால், கொடுக்கும் முன்பே நுனியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்யப் பெரிய கருவி வேண்டாம். கூர்மையான பிளேடு, நைசான உப்புத்தாள், கூழ்ப்பதமான சூப்பர் குளூ, மாஸ்கிங் டேப், காய்கறி வெட்டும் பலகை. இவ்வளவுதான். கடையில் விற்கும் இடுக்கிகளும் உலோகச் சட்டங்களும் இல்லாமலே நான் பல வருடமாகச் செய்கிறேன்.

பழைய டிப்பைப் பிளேடால் சீவி எடுங்கள், விரலை நோக்கி வெட்டாதீர்கள். பூணின் மேல் காய்ந்த பசை ஒரு துளிகூட மிஞ்சக் கூடாது. உப்புத்தாளை மேசைமேல் சமமாக விரித்து, கியூவைச் செங்குத்தாகப் பிடித்து நுனியை அதன்மேல் மெல்லத் தேயுங்கள். கை சாய்ந்தால் நுனியும் சாய்ந்துவிடும், அவசரம் வேண்டாம். புது டிப்பின் அடிப்பாகத்தையும் இதேபோலத் தேய்த்து, பிளேடு நுனியால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று கீறல் போடுங்கள், பசை பிடிக்கும்.

பசை ஒரு சிறு சொட்டு போதும். கெட்டியான கூழ்ப்பதத்தில்தான் இருக்க வேண்டும். தண்ணீர் போல ஓடும் வகையை வாங்கினால் அது தோலுக்குள் ஊறி, டிப் கல்லாகிவிடும். நடுவில் வைத்து, கியூவைத் தலைகீழாக்கிப் பலகையில் ஊன்றி அரை நிமிடம் அழுத்துங்கள். அப்புறம் ஓர் இரவு தொடாமல் விடுங்கள். அரை மணியில் காய்ந்துவிட்டது போலத் தோன்றும், அதை நம்பி ஆடி டிப்பைக் கழற்றிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

மறுநாள் பூணைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அது உங்கள் மரத்துக்குக் கவசம். டிப்பைப் பலகையில் ஊன்றிக்கொண்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தோலை மேலிருந்து கீழாகச் சீவுங்கள். ஏடு ஒட்டிய டிப் என்றால் பிளேடு புதிதாக இருக்கட்டும், மொண்ணைப் பிளேடு ஏடுகளைப் பிரித்துவிடும். பிறகு பக்கவாட்டில் விரலால் லேசாக ஈரம் தொட்டு, தடித்த காகிதத்தால் சூடேறும்வரை தேய்த்தால் பளபளப்பாக இறுகும். தலைப்பகுதியை உப்புத்தாளால் குவிவாக்குங்கள். ஒரு ராண்ட் நாணயத்தின் விளிம்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வளைவு ஒத்துப்போக வேண்டும்.

முதல் சில நாளில் டிப் காளான் குடை போல வெளியே பரவும். பயப்பட வேண்டாம், அது புதுத் தோலின் சுபாவம். மறுபடி ஒரு தரம் சீவிவிடுங்கள். பூணுக்கு மேல் தோல் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கேள்வி: வேலைக்காக டர்பனிலிருந்து ஜொகானஸ்பர்க் வந்தேன். கியூவின் பூண் விளிம்பு இப்போது விரலில் தட்டுகிறது. ஏமாற்றி விற்றுவிட்டார்களா?

பதில்: இல்லை தம்பி. நீங்கள் கடலோர ஈரக் காற்றிலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் உயரத்துக்குப் போயிருக்கிறீர்கள், அங்கே குளிர்காலம் மிகவும் வறட்சி. மரம் ஈரத்தை இழந்து சற்றுச் சுருங்கியிருக்கிறது, பித்தளை சுருங்கவில்லை. அதைத் தேய்த்துச் சமப்படுத்திவிடாதீர்கள், மழைக்காலம் வரை பொறுங்கள். பூணே ஆடினால் மட்டும் பழுது பார்க்கக் கொடுங்கள். கியூவைக் காரின் பின்பெட்டியில் வெயிலில் விடாதீர்கள். மரத்துக்கும் ஆகாது, டிப்பின் பசைக்கும் ஆகாது.

கேள்வி: என் மகள் பள்ளித் தோழிகளோடு பூல் ஆடுகிறாள், ஸ்னூக்கரும் கற்க வேண்டுமாம். மாமியார், "பொம்பளைப் பிள்ளைக்குக் குச்சி எதுக்கு" என்கிறார். அது இருக்கட்டும், இணையத்தில் டிப் வாங்கலாமா? என்ன அளவு? (ஃபீனிக்ஸ் வாசகி)

பதில்: மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள் அக்கா. ஸ்னூக்கர் விதிகளை முதலில் ஒழுங்காக எழுதி வைத்தது நம் தமிழ்நாட்டு ஊட்டி கிளப்பில், 1882இல். நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றி வந்த டிரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து டர்பன் வந்து இருபத்திரண்டு ஆண்டு கழித்து. நம் மலையில் வளர்ந்த ஆட்டத்தை நம் பேத்தி ஆடுவதில் என்ன குறை?

அளவை யூகிக்காதீர்கள். பூணின் குறுக்களவை அளந்து, அதற்குச் சமமாகவோ அரை மில்லிமீட்டர் பெரிதாகவோ டிப் வாங்குங்கள். ஸ்னூக்கர் கியூ பெரும்பாலும் 9 முதல் 10 மில்லிமீட்டர். சிறிய பந்தில் ஆடும் பூல் கியூ 8 முதல் 9. பெரிய பந்தில் ஆடும் அமெரிக்க பூல் கியூ 12, 13 வரை போகும். விலை மலிந்த கியூவில் திருகாணியோடு வரும் டிப்பும் உண்டு, அதற்கு ஒட்டும் டிப் பொருந்தாது.

நம் நாட்டு இணையக் கடையில் வாங்கினால், 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆவது பிரிவுப்படி, பொருள் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. உறையைப் பிரிக்காமல் அளவைச் சரிபாருங்கள், ஒட்டிப் பார்த்த டிப்பைத் திருப்ப நினைப்பது நியாயமில்லை. வெளிநாட்டுக் கடை என்றால் சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் பணத்தை வாங்குவது சிரமம். பேர்பெற்ற டிப்புகளுக்குப் போலிகளும் வருகின்றன. பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: டிப் புதிது, ஆனாலும் வழுக்குகிறது. விலை உயர்ந்த சாக் வாங்கணுமா?

பதில்: முதலில் டிப்பைப் பாருங்கள். தலை கண்ணாடி போல மின்னினால் சாக் ஒட்டாது. நைசான உப்புத்தாளால் லேசாகத் தட்டிச் சொரசொரப்பாக்குங்கள், அழுத்தித் தேய்த்தால் டிப்பின் ஆயுள் குறையும். சாக் என்றாலும் அது பள்ளிக்கூடச் சுண்ணக்கட்டி அல்ல. 1897இல் அமெரிக்காவில் ஸ்பிங்க்ஸ், ஹாஸ்கின்ஸ் இருவரும் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து அது சிலிக்காவும் குருந்தக்கல் தூளும் சேர்ந்த கலவை. விலை உயர்ந்தது துணியில் குறைவாகப் படியும், நெடுநேரம் ஒட்டியிருக்கும். ஆனால் அடிக்கு முன் டிப் முழுக்கப் பூசாதவருக்கு எந்த சாக்கும் உதவாது. கட்டியை நுனியில் வைத்துக் குடையாதீர்கள், தூரிகையால் வண்ணம் தீட்டுவது போல மேலே இழுத்துப் பூசுங்கள். கட்டியின் நடுவில் குழி விழுந்திருந்தால் நடுவில் பூச்சு ஏறாது, பூணின் பக்கங்கள்தான் நீலமாகும். அந்தக் கட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது எடுங்கள்.