விலை உயர்ந்த ஜேட் கல்லில் செய்த சீன மூக்குப்பொடிக் குப்பியை மூங்கில் கூடை மாதிரி ஏன் செதுக்கினார்கள்?

ஓர் ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் அப்படி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சுண்டுவிரல் உயரமுள்ள வெள்ளைக் குப்பி. நாலடி தள்ளி நின்று பார்த்தால் கூடைப் பின்னலேதான். நகத்தை மெல்ல ஓட்டினேன். ஒவ்வொரு இழையும் மேலேறி, அடுத்த இழைக்கு அடியில் போய் மறைந்தது. ஆனால் உள்ளங்கையில் வைத்ததும் சில்லென்ற குளிர்ச்சியும் கனமும் இது கல் என்று சொல்லிவிட்டன.

கண்ணாடியை ஜேட் மாதிரி செய்தால் காரணம் கேட்கவே வேண்டாம், விலைதான். சிங் வம்சத்து காங்சி பேரரசர் 1696-இல் அரண்மனைக் கண்ணாடிப் பட்டறையைத் தொடங்கினார். அப்புறம் அவருடைய பேரன் சியன்லுங் காலத்தில் பீங்கானையே மரம், வெண்கலம், அரக்கு வேலை போல எல்லாம் செய்தார்கள். ஒரு பொருளை இன்னொன்றாகக் காட்டுவது அந்த அரண்மனையின் ரசனை.

ஜேட் கூடையில் கதை தலைகீழ். உசத்தியான கல், சாதாரண மூங்கில் வேஷம் போடுகிறது. கல்லின் குறையை மறைக்கச் செதுக்குவதும் உண்டு. ஆனால் குப்பி முழுக்கப் பின்னல் போட அது மட்டும் காரணமாக இருக்காது என்பது என் எண்ணம். கைவேலையைக் காட்டத்தான் செய்தார்கள்.

ஜேட்டை உளியால் செதுக்க முடியாது. நெஃப்ரைட் வகை ஜேட்டில் சாதாரணக் கத்தியால் கீறல்கூட விழாது. சுழலும் இரும்பு வட்டில் தண்ணீரும் கடினமான மணல்பொடியும் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துத்தான் எடுக்க வேண்டும். அதாவது அந்த இழைகளை யாரும் பின்னவில்லை. சுற்றியுள்ள கல்லை அரைத்துத் தள்ளிய பிறகு மிஞ்சியவை அவை. ஓர் இழை உடைந்தால் உடைந்ததுதான். வழவழப்பான குப்பியை மெருகேற்றுவது ஒரு வேலை என்றால், இதில் ஒவ்வொரு குழிக்குள்ளும் தனித்தனியாக மெருகேற்ற வேண்டும். போதாததற்கு, விரல்கூட நுழையாத வாய் வழியாக உள்ளே குடைந்தாக வேண்டும்.

1759-இல், இன்றைய சீனாவின் மேற்குக் கோடியில் ஜேட் கிடைக்கும் இடமான கோத்தான் பகுதி சியன்லுங்கின் கைக்கு வந்ததும் அங்கிருந்து ஜேட் தாராளமாக வரத் தொடங்கியது. இப்படிப்பட்ட வேலைகளில் துணிந்து இறங்க அது வழி விட்டது.

நீங்கள் எங்கேயாவது ஒன்றைப் பார்த்தால் குப்பியின் தோள்பட்டையைக் கவனியுங்கள். நிஜக் கூடையில் கழுத்தை நெருங்க நெருங்கக் கட்டங்கள் சிறுத்துக்கொண்டே போகும். நான் பார்த்த குப்பியிலும் அப்படியே. கழுத்தருகே ஒரு கட்டம் எள் அளவுதான், அதிலும் இழை மேலும் கீழும் சரியாக மாறி மாறிப் போயிருந்தது.