அரசின் மொபைல் செயலிகளை மக்கள் எதனால் பயன்படுத்துகிறார்கள்? சிலர் ஏன் தொடுவதே இல்லை?

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எல்லாம் போனிலேயே வந்துவிட்டால் என்னிடம் யார் வருவார்கள் என்று ஒரு காலத்தில் கவலைப்பட்டதுண்டு. நடந்தது வேறு. ஜெராக்ஸ் குறைந்தது, அடுத்தவர் போனை வாங்கி அவருக்காகத் தட்டிக் கொடுக்கும் வேலை கூடிவிட்டது. ஆகவே இந்தக் கேள்விக்கான பதிலைத் தினமும் கல்லாவுக்கு எதிரே பார்க்கிறேன்.

படித்தவர்களிடம் இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு. பயன் தரும் என்று தோன்ற வேண்டும், எளிது என்றும் தோன்ற வேண்டும் என்றார் ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர், 1989இல். 2003இல் வெங்கடேஷும் உடன் ஆய்ந்தவர்களும் சுற்றியிருப்பவர்களின் தூண்டுதல், கைவசமுள்ள வசதி ஆகியவற்றையும் சேர்த்தார்கள். சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு முடிவு. எங்கள் பக்கம் அப்படியில்லை.

காசிமேட்டிலிருந்து ஓர் ஆயா வருவார், மீன் விற்பவர். ரேஷன் ஸ்மார்ட் கார்டு, ஈ.பி. அட்டை, ஆதார் எல்லாவற்றையும் ரப்பர் பேண்டு போட்டு ஒரு பால் கவருக்குள் வைத்திருப்பார். பேரன் பெயரைக் குடும்ப அட்டையில் சேர்க்க வேண்டும் என்று ஒருநாள் வந்தார். "இப்போது நம்பர் வரும் ஆயா, போனைக் காட்டுங்கள்" என்றேன். வரவில்லை. 2017இல் ஸ்மார்ட் கார்டு வாங்கிய காலத்தில் கொடுத்திருந்தது மகனின் எண். மகனோ விசைப்படகில் தங்கல் போயிருந்தான். கரை திரும்பப் பத்து நாளாகும். சில நிமிடமே ஆயுள் உள்ள ஓ.டி.பி., டவர் இல்லாத கடலில் இருக்கும் போனைத் தேடிப் போயிருக்கிறது. "அவன் வந்ததும் வருகிறேன் தம்பி" என்று கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்.

செயலியை யார் பயன்படுத்துவார் என்று என்னைக் கேட்டால், எண் யாருடையதோ அவர் என்பேன். படிப்பு, வயது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எண் கையில் இருந்தால் மட்டும் போதுமா? வரிசையில் நிற்பதால் என்ன போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் பகுதியில் யாரும் பிரசாரம் செய்யாமல் பரவியது மின்சார ரயில் டிக்கெட்டுக்கான யூ.டி.எஸ். செயலி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவருக்குக் கவுண்டர் வரிசை என்றால் வண்டியைத் தவறவிடுவது, வண்டியைத் தவறவிட்டால் அரைநாள் கூலி. அது ஒன்றும் எளிதான செயலியாக இருக்கவில்லை. ஸ்டேஷனுக்குள் நின்றுகொண்டு அழுத்தினால் டிக்கெட் வரவில்லை. வெளியே இருக்கும்போதே எடுக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் சுவரில் ஒட்டியிருந்த கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. இத்தனை வித்தையையும் ஏழாம் வகுப்போடு நின்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. அவர்களுக்கு டிக்கெட் செயலி எதற்கு? பஸ் இப்போது எங்கே வருகிறது என்று காட்டும் செயலியைத்தான் என் கடைக்கு எதிரே நின்று பார்க்கிறார்கள்.

ரேஷனும் அப்படித்தான். 30 ரூபாய்த் துவரம்பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் கடைக்கு வந்துவிட்டனவா என்று செயலியில் இருப்பைப் பார்க்கலாம். எங்கள் தெருவில் அதைப் பார்ப்பது கல்லூரிக்குப் போகும் ஒரே ஒரு பெண். "பாமாயில் வந்துவிட்டதாம்" என்று அவள் அம்மா வாசலில் நின்று சொன்னால் பத்து வீட்டுப் பைகள் கிளம்பும். இத்தனை லட்சம் பேர் பதிவிறக்கம் செய்தார்கள் என்று செய்தியில் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். அந்தப் பத்து வீடும் அதில் ஒன்றாகத்தான் பதிவாகியிருக்கும்.

கட்டாயத்தால் வந்தவையும் உண்டு. 2020 ஊரடங்கில் இ-பாஸ், மறுவருடம் தடுப்பூசிக்குக் கோவின். கோவின் தளம் 2021 ஜூனில் மாநில மொழிகளில் வந்தபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே சேர்த்தார்கள். அதுவரை ஆங்கிலப் பக்கத்தை நான்தான் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊசி முடிந்ததும் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

வந்தவர்களை விரட்டுவது எது என்பதும் எனக்குத் தெரியும். "பில் கட்டவில்லை, இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று மோசடிக்காரர்கள் அனுப்பிய குறுஞ்செய்திகளுக்குப் பிறகு, உண்மையான மின்வாரியச் செயலியைத் திறக்கவே பயந்தவர்கள் என் கடையில் பலர். இன்னொன்று என் சொந்த அனுபவம். கடைவாசலில் தேங்கிய கழிவைப் படமெடுத்து ஒரு செயலியில் புகார் போட்டேன். எந்தத் துறை என்பது வேண்டாம். இரண்டாம் நாள் 'தீர்க்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது. அதைப் படிக்கும்போது ஒரு காலைத் தூக்கிச் செங்கல்மேல் வைத்துக்கொண்டிருந்தேன். மூக்கைப் பொத்தியபடி பக்கத்தில் நின்ற டீக்கடை அண்ணன் அன்றே தன் போனிலிருந்து அந்தச் செயலியை எடுத்துவிட்டார். அவருக்கு இனி யார் சொன்னாலும் ஏறாது.

ஆயா கதைக்கு வருகிறேன். மகன் கரை திரும்பியதும் பெயர் சேர்த்தாயிற்று. அத்தோடு விடவில்லை. இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் ரேஷன் குறைதீர் முகாமுக்குப் போய், அட்டையில் இருந்த மகனின் எண்ணை எடுத்துவிட்டுத் தன் பட்டன் போன் எண்ணைப் போட வைத்தார். "அவனைத் தேடிக் கடலுக்கா போக முடியும்?" என்று கேட்டாராம் அதிகாரியிடம். இப்போது குறுஞ்செய்தி அவருக்கே வருகிறது. வாசித்துச் சொல்லத்தான் என்னிடம் வருகிறார். அதற்குக் காசு வாங்குவதில்லை, சில நாள் நெத்திலி கிடைக்கும்.